முதலாம் அச்சு

மூக்கு நுனியில் ஒன்று.
கண்ணின் நடுவில் இரண்டு.
முதுகுச் செட்டை தொடங்கும் முள்ளடியில் மூன்று.
இப்படியே வாலடி சுற்றி, வயிற்றுப் பக்கமாய் வந்து
செவுள் மூடியில் பதின்மூன்று.
ஒரு ஒட்டி மீனுக்குப் பதின்மூன்று கிளிக்.
நூற்றிருபது மீன்.

குருநகரில் அறுபது, நாவாந்துறையில் அறுபது.
நடுவே பண்ணை வீதி
கடலை இரண்டாய்ப் பிரித்துக் கிடக்கிறது.
பாலத்துக் கண்களுக்குள்ளால் தண்ணீர் போய்வரும்;
மீனும் போய்வருமா என்பதுதான்
நான் எழுதிக் கொடுத்த கேள்வி.
பெரிய யோசனை ஒன்றுமில்லை,
திருநெல்வேலிச் சந்தியில் ரோல்ஸ் தின்றபடி வந்தது.

தேர்மோக்கோலில் செட்டையை ஊசி குத்தி விரிக்கையில்
முள் என் பெருவிரலில் இறங்கியது.
இரவு முழுக்கக் கடுத்தது.
சுடுதண்ணிக்குள் ஒரு கை,
மற்றக் கையால் புள்ளி வைத்தேன்.
அந்த எட்டு மீனையும் பிறகு அழித்துத் திரும்ப வைத்தேன்.

மென்பொருள் மிக மரியாதையாகக் கொள்ளையடிக்கும்.
முதலில் மீன் கிடந்த இடத்தை எடுக்கும்.
பிறகு அதன் பருமனை.
பிறகு அது படுத்திருந்த சாய்வை.
எல்லாம் பறிகொடுத்த பிறகும்
மீனிடம் எது மிச்சமோ அதற்குப் பெயர் வடிவம்.

இடம் போய், அளவு போய், பார்த்த திசை போய்
மிச்சத்தோடு இருக்கிற சனங்களை
எனக்கு இங்கே தெரியும்.
அதை ஆய்வேட்டில் எழுத முடியாது.

பிறகு சராசரி மீனைத் திரையில் காட்டியது:
எவருடைய வலையிலும் படாதது,
முள்ளில்லாதது, மணமில்லாதது,
நூற்றிருபதுக்கும் உறவு,
ஒன்றுக்கும் பிள்ளையல்ல.

வியாழன் பின்னேரம், கரண்ட் நிற்க முன்,
இரண்டு மேகம் வந்தது.
சிவப்பு இடப்பக்கம், நீலம் வலப்பக்கம்,
நடுவில் ஒரு புள்ளிகூடக் கலக்காமல்.
முதலாம் அச்சு நாற்பத்தொரு வீதம்.
தற்செயலாய் இப்படி அமைய
ஆயிரத்தில் ஒரு வாய்ப்பும் இல்லை.
பக்கத்து மேசைத் தர்மினி ஓடிவந்து பார்த்து
"றோட்டுப் போட்டதால மீன் மாறியிட்டுது, எழுதடி" என்றாள்.
எழுதினேன். தலைப்பே இரண்டு வரி.

சனிக்கிழமை, வேறு வேலையில்லாமல்,
அச்சின் சிவப்பு நுனிக்கு மீனை இழுத்துப் பார்த்தேன்.
கட்டங்கள் நெளிந்தன.
மீன் கொழுக்கவில்லை, மெலியவில்லை,
வாய் சிறுக்கவில்லை.
வளைந்தது.
வாழைக்காய் மாதிரி, தலையும் வாலும் ஒரே பக்கம்.
நீல நுனிக்கு இழுத்தேன். நிமிர்ந்தது.
திரும்பச் சிவப்பு. திரும்ப நீலம்.
மத்தியானம் சாப்பிடவில்லை.

நாவாந்துறை நிக்சன் ரெஜிபோம் பெட்டியில் கொண்டுவருவார்,
ஐசுக்கு மேல் நீட்டி அடுக்கி.
குருநகர் எமில்டா அக்கா
சைக்கிளில், வாளியில்.

விறைத்த மீன் வாளியைப் படம் பிடித்து வைத்திருந்தது.
நான் மீனைப் படம் பிடித்தேன்.
அச்சு என்றால் கோடும்தான், வார்க்கிற அச்சும்தான்.
மென்பொருள் பகிடி விடவில்லை.
கடலைப் பற்றி நான் கேட்டேன்,
அது தனக்குத் தெரிந்ததைச் சொன்னது.

"அக்கா, இனி நீட்டி வைச்சுக் கொண்டுவாங்கோ."
"நீட்டிக் கிடத்த அதென்ன பிரேதமே, பிள்ளை?"
சொல்லிக்கொண்டே வாளியைக் கழுவிக் கவிழ்த்தா.
ஈரம் காயாத அடியில் என் அடிமட்டத்தை வைத்தேன்.
ஒரு கண்ணால் பார்த்தா. ஒன்றும் கேட்கவில்லை.

குறிப்புக் கொப்பி, பக்கம் எழுபத்தொன்று:
வாளி. நீலம். கம்பிக் கைபிடி.
அடி விட்டம் பத்தொன்பது சென்ரிமீற்றர்.
மீன் இருபத்திரண்டு.